வீட்டுத் திரைக்குச் சுற்றொலி அமைத்தல்

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனைக் கேட்க விழைவோர், நிலாக்காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தித் துடுப்பை நீருள் ஆழ்த்தி, அதன் மேல்நுனியிற் செவியை வைப்பர். ஒலி கேட்கும், எத்திசையிலிருந்து வருகின்றதென்பது மட்டும் புலப்படாது. ஒரு செவியால் கேட்பதனால் அவ்வாறென்று நேயர்கள் கூறலாம். நீருள் மூழ்கி இரு செவியாலும் கேட்டாலும் ஏறக்குறைய அதே நிலைதான்.

நம் செவிகளுக்கிடையே உள்ள தூரம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. வலப்புறத்து ஒலி வலச்செவியை முதலிலும் இடச்செவியைச் சற்றுப் பிந்தியும் அடைகின்றது. அப்பிந்தல் ஒரு செக்கனைப் பதினாயிரங் கூறிட்டால் ஏறத்தாழ ஏழு கூறுக்கு மேற்படாது. அதனைக் கொண்டே மூளை திசையை அறிகின்றது. நீரிலோ ஒலி நான்கு மடங்குக்கு மேல் விரைவதால் பிந்தல் சுருங்கித் திசையுணர்வு மயங்குகின்றது.

இந்நுட்பத்தை வைத்தே 1931இல் ஆங்கிலப் பொறியியலாளர் அலன் புளூம்லைன் இரட்டையொலிக்குக் காப்புரிமை கோரினார். இன்று வீடுகளில் 5.1 எனப்படும் சுற்றொலி, அதாவது ஐந்து ஒலிபெருக்கிகளும் ஒரு தாழொலிப் பெட்டியும், அதன் வழிவந்ததே.

வாழைச்சேனைக்கும் வாகரைக்கும் இடையிலுள்ள எங்கள் மாங்கேணி வீட்டுக்கு, கட்டாரில் தொழில்புரியும் என் மகன் இத்தகைய தொகுதியொன்றைக் கொண்டுவந்தான். நான் எல்லாப் பெட்டிகளையும் அலுமாரியின்மேல் அழகாக வரிசைப்படுத்தினேன். படம் பார்த்த என் தாயார், "சத்தமெல்லாம் கேக்குது மகன், கதைக்கிறதுதான் விளங்குதில்ல" என்றார். எண்பதைக் கடந்தவருக்குப் படம் என்பதே கதைதானே! அச்சொல்லின் பின்னரே நான் அளவுநாடாவைக் கையிலெடுத்தேன்.

திரையின் இருமருங்குப் பெட்டிகளும் இருக்கையும் சமபக்க முக்கோணமாதல் வேண்டும். பின்னணிப் பெட்டிகள் இரண்டும் இருக்கையின் பக்கமாகச் சற்றுப் பின்தள்ளி, நேர்நோக்கிலிருந்து 110 பாகையளவில், செவிக்குச் சிறிது மேலே அமையட்டும். உரையாடலிற் பெரும்பகுதி நடுப்பெட்டியிலிருந்தே பிறக்கின்றது. அது திரையை ஒட்டி, முகப்புச் செவியை நோக்கச் சாய்ந்திருத்தல் அவசியம். அலுமாரியின் உச்சியிலிருந்த என் நடுப்பெட்டி கூரையோடு பேசிக்கொண்டிருந்தது.

அடுத்தது தூரம். நமது வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் செல்லும். ஆகவே ஒரு மீற்றர் அண்மையிலுள்ள பெட்டியின் ஒலி செக்கனின் ஆயிரத்தில் மூன்று கூறு முந்திவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் இருக்கைக்குமுள்ள தூரத்தை அளந்து ரிசீவரிற் பதிந்தால், முந்துவதை அது தாமதப்படுத்திக்கொள்ளும். பின்னர் சோதனை இரைச்சலை ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டு, இருக்கையில் யாவும் ஒரே அளவாகக் கேட்கச் செய்க. முதுமையில் முதலிற் குன்றுவது உயர்சுருதியைக் கேட்கும் ஆற்றல். சகரம் போன்ற மெய்யொலிகள் அதனால் மறைகின்றன. எனவே நடுப்பெட்டியை மட்டும் மூன்று டெசிபெல் உயர்த்தினேன்.

சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் இன்னொரு தடை. அறை நடுவே நின்று கைதட்டினேன். ஓசை சுவருக்குச் சுவர் அதிர்ந்து மீண்டது. தடித்த திரைச்சீலைகளைத் தொங்கவிட்டுத் தரையில் விரிப்பிட்டபின் அது அடங்கிற்று. மறுநாள் அம்மா படத்தின் கதையை அயலாருக்கு ஒன்றுவிடாமற் சொல்லிக்கொண்டிருந்தார்.

தாழொலிப் பெட்டிதான் என்னை மிகவும் அலைக்கழித்தது. செக்கனுக்கு 40 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ ஒன்பது மீற்றர். என் அறையோ அதனிலும் குறுகியது. இதனால் ஓரிடத்தில் ஒலி முழங்கும், ஈரடி தள்ளினால் மெலியும். மூலையில் வைத்தால் முழக்கம் மிகும். இதற்கொரு வழியுண்டு. பெட்டியை இருக்கையில் வைத்து ஒலிக்கவிட்டு, நாம் சுவரோரமாகத் தவழ்ந்து, ஒலி சீராகக் கேட்குமிடத்தைக் கண்டு, பெட்டியை அவ்விடத்துக்கு மாற்றுதல். ஓர் அதிபர் தரையில் தவழ்ந்ததை மாணவர் எவரும் காணாதது என் நற்பேறு!

தாழொலி சுவரையும் கடந்து செல்வது. அடுத்த வளவில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருவர் உளர். பரீட்சை முடியும்வரை அப்பெட்டியை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.