தகவல் துளி: கோட்டைத் தாண்டிய பந்து

காற்பந்து ரசிகர்களுக்கு ஒரு தகவல். பந்து முழுவதுமாகக் கோட்டைக் கடந்தால்தான் அது வெளியே. கோட்டின் மேல் ஒரு நூலளவு நின்றாலும் ஆட்டம் தொடரும். விதி 9 சொல்வது இதுதான்.

2024 ஜூன் 11, டோஹாவில் கத்தாருடன் உலகக் கிண்ணத் தகுதி ஆட்டம். இந்தியா 1-0 என முன்னிலை. 73-ஆவது நிமிடத்தில் கோட்டைத் தாண்டி உருண்ட பந்தை உள்ளே இழுத்தார் ஒரு கத்தார் வீரர்; யூசுப் அய்மன் கோலாக்கினார். இந்தியர்கள் வாதாடியும் தென்கொரிய நடுவர் கோல் என்றே அறிவித்தார். அந்தச் சுற்றில் காணொளி உதவி நடுவர் முறை இல்லை. இந்தியா 2-1 எனத் தோற்று வெளியேறியது.

திடலில் பந்தாடும் தம்பிகளே, நடுவர் விசில் ஊதும்வரை ஆட்டத்தை நிறுத்தாதீர்கள்!