பழக் கலெட்
பழக் கலெட் என்பது அச்சுத்தட்டு இல்லாமல், ஓரத்தைக் கையால் மடித்துச் சுடப்படும் பிரெஞ்சுப் பழப் பண்டம் ஆகும். பிரெஞ்சு மொழியில் தட்டையான, வட்டமான பல பண்டங்களுக்கும் கலெட் என்றே பெயர். பிரிட்டனிப் பகுதியில் அது பக்வீட் மாவில் வார்க்கும் தோசை போன்ற உணவைக் குறிக்கும்.

200 கிராம் மைதாவில் சிறிது உப்பும் 100 கிராம் குளிர்ந்த வெண்ணெய்த் துண்டுகளும் இட்டு விரல் நுனியால் உதிர்க்க வேண்டும். பட்டாணி அளவில் வெண்ணெய் எஞ்சியிருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். வெண்ணெயில் ஏறத்தாழ 16 விழுக்காடு நீர் உண்டு. ஓவனில் அது ஆவியாகி மாவை அடுக்கடுக்காகப் பிரிக்கிறது. முன்பே உருகிவிட்டால் அடுக்கு உருவாகாது. எனவே, சில கரண்டி குளிர்நீர் தெளித்துத் திரட்டிய மாவைக் குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைப்பர். வெயில் காலத்தில் ஒரு மணி நேரம்கூட வைக்கலாம்.

இதில் உண்மையான சிக்கல் பழச்சாறுதான். சர்க்கரை பட்டதும் பழம் நீர்விடும். அந்நீர் அடிமாவில் ஊறினால், மேலே பொன்னிறமானாலும் அடி வேகாது. ஆகவே சர்க்கரையைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். தேய்த்த மாவின் நடுவில் பாதாம் பொடியைத் தூவி, அதன்மேல் ஆப்பிள் அல்லது பிளம் துண்டுகளை அடுக்கலாம். பொடி சாற்றை உறிஞ்சிக்கொள்ளும். நான்கு செ.மீ. ஓரம் விட்டு உள்நோக்கி மடிக்க வேண்டும். மடிப்பு கோணலாக இருந்தால் குறையில்லை, விரிசல் இருந்தால் சாறு ஒழுகிவிடும்.

முன்கூட்டியே சூடாக்கிய தட்டில், 200 பாகை செல்சியசில், ஓவனின் கீழ்த்தளத்தில் சுமார் 40 நிமிடம் சுட வேண்டும். ஓரத்தைச் சற்றே தூக்கிப் பார்க்கும்போது அடிப்பகுதி பழுப்பாக இருந்தால் எடுத்துவிடலாம்.