செருப்பு கழன்றது தெரியவில்லையா?

சர்க்கரை நோய் நரம்பில் கைவைக்கும்போது பெரும்பாலும் முதலில் மாட்டுவது பாதம். உடம்பின் மிக நீளமான நரம்புகள் இடுப்பிலிருந்து கால்விரல் நுனிவரை ஓடுகின்றன. பல வருடங்கள் சர்க்கரை கூடியே இருந்தால் அவற்றின் கடைக்கோடிதான் முதலில் நலியும். அதனால் பாதிப்பு இரண்டு காலிலும் விரலில் தொடங்கி, காலுறை போட்டதுபோல மேலே ஏறும். ஒற்றைக் காலில் மட்டும் இடுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு இறங்கும் வலி என்றால் அநேகமாக வேறு சங்கதி. முதுகைப் பார்க்க வேண்டும்.

"பாதம் எரியுது", "ஊசி குத்துது", "போர்வை பட்டாலே கூசுது" என்று சிலர் வருவார்கள். ராத்திரியில்தான் அதிகம் என்பார்கள். இவர்களுக்காவது தூக்கம் கெட்டு, டாக்டரிடம் போகத் தோன்றுகிறது. பாதிப்பு இருப்பவர்களில் பாதிப் பேர் வரை எந்தத் தொந்தரவையும் உணர்வதில்லை. செருப்பு கழன்று விழுந்த பிறகும் நாலடி நடந்திருப்பார்கள். உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றிவிட்டு, மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத் திகைப்பார்கள். என்னைக் கேட்டால், எரிச்சலைவிட இந்த மரத்துப்போதல்தான் பயப்பட வேண்டியது.

இதை உலகுக்குப் புரியவைத்ததில் வேலூருக்குப் பங்கு உண்டு. அங்கே கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1946-இல் சேர்ந்து, தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த பால் பிராண்ட், அவர்கள் காலில் புண் வருவதற்கு முக்கியக் காரணம் வலி தெரியாமல் திரும்பத் திரும்ப அடிபடுவதே என்று காட்டினார். பின்னர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றவர், இதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் கொண்டுபோனார். இன்று டாக்டர் எடுக்கும் நைலான் இழைப் பரிசோதனை வேரூன்றியதிலும் கார்வில் ஆய்வுகளுக்கு இடமுண்டு. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. நீங்கள் கண்ணை மூடிக்கொள்ள, பாதத்தில் சில இடங்களில் அது வளையும்வரை வைப்பார்கள். தெரியவில்லை என்றால் காலைக் காக்கும் உணர்வு போய்விட்டது என்று பொருள். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்றும் கேட்பார்கள். அதிர்வை வோல்ட்டில் அளக்கும் பயோதீசியோமீட்டரில் 25-ஐத் தாண்டினால் புண் வரும் ஆபத்து அதிகம்.

நரம்புக் கடத்தல் சோதனை எல்லோருக்கும் வேண்டியதில்லை. அது தடித்த இழைகளைத்தான் அளக்கும். எரிச்சலைத் தருபவை மெல்லிய இழைகள். ஆகவே ரிப்போர்ட் நார்மல் என்று வந்தாலும் உங்கள் எரிச்சல் பொய்யாகிவிடாது. ஒரு பக்கம் மட்டும் பாதிப்பு, வேகமாகக் கூடும் பலவீனம் போன்றவை இருந்தால் அந்தச் சோதனை உதவும்.

வீட்டிலும் ஒரு எளிய சோதனை செய்யலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவானது. கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் இரண்டு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒன்றிரண்டு விநாடி மெல்லத் தொடட்டும். அழுத்தக் கூடாது, தட்டவும் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள்.

டைப் 2 என்றால் சர்க்கரை கண்டுபிடித்த உடனேயே கால் பரிசோதனை வேண்டும். டைப் 1 என்றால் 5 ஆண்டுகள் கழித்து. பிறகு வருடம் ஒருமுறை. மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுபவர்களுக்குப் பி12 குறைந்தும் இதே மரத்துப்போதல் வரலாம். ரத்தத்தில் அதையும் தைராய்டையும் பார்க்காமல் பழியைச் சர்க்கரைமேல் போட்டுவிடக் கூடாது. பி12 குறைவு சரிசெய்யக்கூடியது.

உள்ளுறுப்பு நரம்புகளும் கெடலாம். எழுந்தால் தலைசுற்றுகிறதா? படுத்த நிலையில் ஒருமுறை, நின்று 3 நிமிடத்துக்குள் ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் காரணம் இதுவாக இருக்கலாம். இதய நரம்புகள் மரத்தவருக்கு நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரக்கூடும். காரணமில்லாமல் திடீரென மூச்சு வாங்கினாலோ வியர்த்துக் கொட்டினாலோ, வாயுத் தொல்லை என்று படுத்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுக்க வேண்டும்.