கடல் கடக்கும் செவிலியர்

தில்லியின் பெரிய மருத்துவமனைகளில், நோயாளியிடம் இந்தியில் ஆறுதல் மொழி கூறிய செவிலியர், அடுத்த நொடியே தம் தோழியிடம் மலையாளத்திலோ தமிழிலோ உரையாடுவதை நீங்கள் கேட்டிருக்கலாம். தென்னகத்திலிருந்து வந்த இவர்களுள் பலருக்குத் தில்லி ஓர் இடைத்தங்கல். இங்குச் சில ஆண்டுகள் பணியாற்றிப் பட்டறிவு பெற்றபின், வளைகுடா நாடுகளுக்கோ பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா முதலிய நாடுகளுக்கோ செல்கின்றனர். உலகச் செவிலியருள் எட்டில் ஒருவர், தாம் பிறந்த அல்லது பயின்ற நாட்டில் அல்லாமல் வேறொரு நாட்டில் பணிபுரிகிறார் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

இவர்கள் ஏன் செல்கின்றனர்? ஊதியமே முதற்காரணம். தனியார் மருத்துவமனைச் செவிலியரின் குறைந்த ஊதியம் குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு சனவரியில் பிறப்பித்த ஆணையின்படி அமைக்கப்பெற்ற குழு, 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு நிகரான ஊதியம் தரவேண்டும் என்றும், 50 படுக்கைகளுக்குக் குறைந்தவையும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இதனைப் பின்பற்றுமாறு தில்லி அரசு 2018இல் ஆணையிட்டது. அதனை எதிர்த்த மருத்துவமனைகளின் மனுவைத் தில்லி உயர் நீதிமன்றம் 2019இல் தள்ளுபடி செய்தது. 20,000 ரூபாய்க்கே இத்தனை போராட்டம் என்றால், கடல் கடக்கும் எண்ணம் தோன்றுவதில் வியப்பில்லை.

செவிலியர் கல்வியில் நம் நாடு பின்தங்கியதன்று. 1946இல் தில்லியிலும் வேலூரிலும் செவிலியர் பட்டப்படிப்புத் தொடங்கியது. தில்லிக் கல்லூரி இன்று, விடுதலை இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சரான ராஜ்குமாரி அம்ருத் கௌரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியச் செவிலியர் மன்றம் உருவாகி, நாடு முழுமைக்கும் பாடத்திட்டம் வகுத்தது. ஆயினும், நம் நாட்டு உரிமம் பிற நாட்டில் செல்லாது. தமிழ்நாட்டில் பதிவு செய்தவர்கூடத் தில்லியில் பணியாற்றத் தில்லி மன்றத்தில் பதிவு செய்தல் வேண்டும். எனில், நாடு விட்டு நாடு செல்பவர் தம் தகுதியைப் புதிதாக மெய்ப்பிக்க வேண்டியிருப்பது இயல்பே.

பட்டம் ஒன்றே போதாதா என்று நீங்கள் வினவலாம். சில எடுத்துக்காட்டுகளை நோக்குக. நாம் பாராசிட்டமால் என்று அழைக்கும் மருந்து அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் எனப்படும். அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின். குருதியிலுள்ள சர்க்கரையை நாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என அளக்கிறோம். பிரிட்டனிலோ ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என அளப்பர். இங்கு 180 எனக் காணப்படும் அளவு அங்கு 10 எனத் தோன்றும். வேறுபாட்டை அறியாத செவிலியர் இன்சுலின் ஊசியைக் கையில் ஏந்தினால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள்! தேர்வுகள் வெறும் தடைக்கற்கள் அல்ல. அவை நோயாளியின் உயிரோடு தொடர்புடையவை.

அமெரிக்கா செல்வோர் என்கிளெக்ஸ் என்னும் கணினித் தேர்வை எழுதுகின்றனர். முந்தைய விடையைப் பொறுத்தே அடுத்த வினா கடினமாகவோ எளிதாகவோ அமையும். ஒருவருக்கு 85 வினாக்களில் முடியும் தேர்வு, மற்றொருவருக்கு 150 வரை நீளலாம். பிரிட்டனில் கணினித் தேர்வுடன் செய்முறைத் தேர்வும் உண்டு. நோயாளியாக நடிப்பவரிடமோ மாதிரி உருவிடமோ தம் திறனைச் செவிலியர் செய்து காட்டுதல் வேண்டும். ஜெர்மனிக்குச் செல்வோர் ஜெர்மன் மொழியை முறையாகக் கற்றாக வேண்டும். தில்லி கஸ்தூரிபா காந்தி சாலையிலுள்ள மாக்ஸ்முல்லர் பவனில் அம்மொழி கற்பிக்கப்படுகிறது. சான்றிதழ்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையோ, சாணக்கியபுரித் தூதரகங்களின் சான்றொப்பமோ, செல்லும் நாட்டிற்கேற்பத் தேவைப்படும்.

இத்தனை படிகளையும் கண்டு மலைப்போரைத்தான் குறுக்குவழி காட்டும் முகவர்கள் தேடி வருகின்றனர். குவைத்திற்கு ஆளெடுத்த ஒரு முகமை, சட்டம் அனுமதித்த 20,000 ரூபாய்க்கு மாறாக ஒவ்வொரு செவிலியரிடமும் ஏறத்தாழ 19.5 இலட்சம் ரூபாய் பெற்றதாக 2015இல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. அவ்வாண்டே, குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செல்லும் செவிலியரை அரசு நிறுவனங்கள் வழியாகவே தேர்ந்தெடுக்க வேண்டும் என மத்திய அரசு வரையறுத்தது. தமிழ்நாட்டின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் கேரளத்தின் நோர்க்கா ரூட்ஸும் அத்தகையவை.

கடன் சுமை எத்துணைக் கொடிது என்பதை 2014ஆம் ஆண்டு நிகழ்வு காட்டிற்று. ஈராக்கின் திக்ரித் நகர் போர்க்களமானபோது, அங்கிருந்த மருத்துவமனையில் 46 இந்தியச் செவிலியர் சிக்கிக்கொண்டனர். கேரளத்தைச் சேர்ந்த 45 பேரும் தூத்துக்குடியைச் சேர்ந்த ஒருவரும் சூலை 5 அன்று கொச்சிக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தனர். நாடே மகிழ்ந்தது. ஆனால், அவர்களுள் பலருக்குப் பல மாத ஊதியம் வந்து சேரவில்லை. கல்விக்கும் பயணத்திற்கும் வாங்கிய கடன் மட்டும் வீட்டில் காத்திருந்தது.

எனவே, புறப்படுமுன் முகவரின் உரிம எண்ணை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்த்தலும், பணி ஒப்பந்தத்தில் ஊதியம், பணிநேரம், தங்குமிடம், திரும்பும் பயணச்செலவு ஆகியவை எழுத்தில் உள்ளனவா என்று நோக்குதலும் இன்றியமையாதவை. சென்றபின்னும் பொறுமை வேண்டும். தில்லியில் பத்தாண்டுகள் தீவிரச் சிகிச்சைப் பிரிவை நடத்தியவரும், பிரிட்டனில் பதிவு எண் கைக்கு வரும்வரை, உதவியாளருக்குரிய பணிநிலையிலும் ஊதியத்திலுமே தொடங்குவார்.