தனிநிலை ஆய்வு முறை: செஞ்சிப் பகுதி தரும் பாடங்கள்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் செஞ்சியை நெருங்குபவர் இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் குன்றுகளை ஒருங்கே காண்கிறார். கோட்டையின் பரப்பு அவருக்கு ஓரளவு விளங்கும். ஆனால், இராஜகிரியின் உச்சியில் காவல் இருந்தோர் தண்ணீருக்கு என்ன செய்தனர் என்பதை அறிய விரும்பினால், அவர் அக்குன்றின்மீது ஏறியே ஆகவேண்டும்.

சமூக அறிவியல் ஆய்விலும் இவ்விரு வழிகள் உண்டு. பலரிடம் ஒரே வகையான வினாக்களைக் கேட்டு எண்ணிக்கை காண்பது ஒன்று. ஒரு குடும்பத்தையோ, ஊரையோ, நிறுவனத்தையோ தேர்ந்துகொண்டு அதன் சூழலோடு முழுமையாக ஆராய்வது மற்றொன்று. ஆங்கிலத்தில் 'கேஸ் ஸ்டடி' எனப்படும் பின்னதையே இங்குத் தனிநிலை ஆய்வு என்கிறோம். நம் மாணவர் களப்பணியில் முதல்வழியை எளிதில் கைக்கொள்கின்றனர். ஐம்பது பேரிடம் வினாத்தாள் கொடுத்து விழுக்காடு எழுதிவிடுகின்றனர். 'ஏன் இவ்வாறு?' என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. ஆகவே இம்முறையைச் சற்று விளக்குதல் நலம்.

1. முறையின் இயல்பு

'எத்தனை பேர்?' என்னும் வினாவிற்கு எண்ணிக்கை ஆய்வே விடை கூறும். 'எவ்வாறு நிகழ்ந்தது? ஏன் நிகழ்ந்தது?' என்னும் வினாக்களுக்குத் தனிநிலை ஆய்வு ஏற்றது. இதற்கு மூன்று தேவைகள் உள. முதலாவது, ஆய்வுப்பொருளின் எல்லையை வரையறுத்தல். எந்த ஊர், எந்தக் காலம், எந்தச் சிக்கல் என்பது தெளிவாயிருத்தல் வேண்டும். இரண்டாவது, பலவகைச் சான்றுகளைத் திரட்டுதல். நேர்காணல், நேரில் காணல், பதிவேடு, நிலக்கணக்கு, வாய்மொழி வழக்கு ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்கவேண்டும். மூன்றாவது, தம் கருத்திற்கு மாறான சான்றையும் தேடுதல். இம்மூன்றாவதே கடினமானது.

2. மேலச்சேரி

செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரி பழஞ்செஞ்சி என்று கருதப்படும் சிற்றூர். அங்குள்ள திரௌபதி அம்மன் கோயிலை அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைடல் தம் ஆய்வின் மையமாகக் கொண்டார். திரௌபதி வழிபாட்டைப்பற்றிய அவரது பெருநூலின் முதற்பகுதி 1988இலும், இரண்டாம் பகுதி 1991இலும் வெளிவந்தன. முதற்பகுதியின் தலைப்பிலேயே செஞ்சியின் பெயர் இடம்பெற்றுள்ளது.

அவர் ஏட்டு வழக்கோடு நின்றுவிடவில்லை. பாரதப் பிரசங்கம், தெருக்கூத்து, தீமிதி, படுகளம் ஆகியவற்றை நேரில் கண்டார். கூத்துக் கலைஞரையும் பூசாரியையும் வினவினார். செஞ்சி நாயக்கர் கால வரலாற்றையும் ஒப்பிட்டார். அதனால் எந்த வினாத்தாளும் வெளிக்கொணர இயலாத செய்திகள் தெளிவாயின. திரௌபதி செஞ்சியில் மீண்டும் தோன்றினாள் என்னும் வழக்கும், முத்தால இராவுத்தர் என்னும் முஸ்லிம் வீரர் அவ்வம்மனின் காவலராக வழிபடப்பெறும் மரபும் அவற்றுட் சில. இந்துக்கள், முஸ்லிம்கள் என்னும் இரு கட்டங்களை வரைந்து மக்களை அவற்றுள் அடைக்க முற்படுபவருக்கு இராவுத்தரை எங்கே வைப்பது என்பது விளங்காது. தனிநிலை ஆய்வு அக்கட்டங்களையே வினவச் செய்கிறது.

3. இருவேல்பட்டு

விழுப்புரம் மாவட்டத்திலேயே மற்றொரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவரைக் கொண்டு தமிழகச் சிற்றூர்கள் சிலவற்றை ஆராயச் செய்து, 1918இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் ஒன்று அந்நாளில் தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்த இருவேல்பட்டு. அவ்வூர் 1930களில் தாமஸ், இராமகிருஷ்ணன் ஆகியோர் மேற்பார்வையில் மறுமுறை ஆராயப்பட்டது. 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல்லும், 1981இல் குகன், ஜோன் மென்ச்சர் ஆகியோரும், 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோரும் அங்குச் சென்றனர்.

தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் ஒரே ஊர் தொடர்ந்து நோக்கப்பட்டதால், நிலக்கிழாரின் ஆதிக்கமும் படியாள் முறையும் தளர்ந்த வழியைப் படிப்படியாகக் காண முடிகிறது. ஒடுக்கப்பட்ட மக்கள் பழைய சார்புநிலையிலிருந்து பெரிதும் விடுபட்டனர். ஆயினும் நிலவுடைமையில் ஏற்றத்தாழ்வு மறையவில்லை. ஒருமுறை மட்டும் சென்று மீண்டவர் இவ்விரண்டில் ஒன்றைமட்டுமே கண்டிருக்கக்கூடும்.

4. ஓர் ஊர் போதுமா?

'ஓர் ஊரைக் கொண்டு நாட்டைப்பற்றி முடிவு கூறலாமா?' என்பது இம்முறைமீது சாட்டப்படும் குறை. தமிழகத்தில் எத்தனை ஊர்கள் இருவேல்பட்டைப் போன்றவை என்று அவ்வாய்வு கூறாது, கூறவும் முற்படலாகாது. ஆனால், எக்காரணம் எவ்விளைவைத் தந்தது என்பதை அது காட்டும். அவ்விளக்கத்தைப் பிற ஊர்களில் சோதித்துப் பார்க்கலாம். மேலும், 'எங்கும் இப்படியே' என்னும் பொதுக்கூற்றைத் தகர்க்க ஒரே ஒரு மாறான சான்று போதும். எனவே இருமுறைகளும் ஒன்றற்கொன்று துணையேயன்றிப் பகையல்ல.

5. நாம் செய்த பிழை

பல்லாண்டுகட்கு முன் செஞ்சிப் பகுதிச் சிற்றூர்ச் சபை ஒன்றில் நாம் பணியாற்றினோம். வேளாண் கூலியான ஒருவர் சித்திரை, வைகாசி மாதங்களில் தொடர்ந்து ஆராதனைக்கு வரவில்லை. அவ்வமயம் ஊரில் திரௌபதி அம்மன் திருவிழா. வருகைப் பதிவையும் திருவிழா நாள்களையும் இணைத்துப் பார்த்து, அவர் பழைய வழிபாட்டிற்குத் திரும்பிவிட்டார் என்று சபைக் குழுவில் கூறினோம். திருவிருந்துப் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. அவரை யாரும் வினவவில்லை, நாமும் வினவவில்லை.

பின்னர்க் களப்பணிக்கு வந்த மாணவர் ஒருவர் அத்தெருவிலேயே நான்கு வாரம் தங்கினார். அவர் கண்டது வேறு. அக்குடும்பம் மருத்துவச் செலவிற்காக முன்பணம் பெற்றிருந்தது. அதற்கு ஈடாக வேர்க்கடலை அறுவடை முடியும்வரை ஞாயிறு உட்பட எல்லா நாளும் காலையில் வேலைக்குச் செல்லவேண்டும் என்பது ஏற்பாடு. திருவிழாவும் அறுவடையும் ஒரே பருவத்தில் வந்தன, அவ்வளவே. நம் பதிவேட்டின் எண்கள் சரியானவை. அவற்றிற்கு நாம் கற்பித்த காரணமே தவறு.

அவர் பெயரை மீண்டும் சேர்த்தோம். அறுவடை மாதங்களில் ஆராதனையை மாலைக்கு மாற்றினோம். அவரிடம் மன்னிப்பும் வேண்டினோம். அவர் வந்தார். ஆனால், முன்போல முன்வரிசையில் அமரவில்லை, கதவருகிலேயே அமர்ந்தார். நாம் அவ்வூரை விட்டு நீங்கும்வரை அது மாறவில்லை.

6. ஆய்வாளர் கடமை

ஆகவே மாணவர்க்குச் சிலவற்றை வலியுறுத்துகிறோம். வினாத்தாளை எழுதுமுன் ஓரிரு குடும்பங்களோடு நெருங்கிப் பழகுக. முதலில் தோன்றும் காரணத்தை எழுதிவைத்து, அது பொய்யாயின் எச்சான்று கிடைக்கும் என்று தேடுக. ஆராயப்படுவோரின் இசைவைப் பெறுக. அவர்தம் பெயரை மறைக்கவேண்டிய இடத்தில் மறைக்க. தஞ்சைப் பகுதிச் சிற்றூர் ஒன்றை ஆராய்ந்த ஆந்திரே பெத்தெய் 1965இல் வெளியிட்ட நூலில் அவ்வூருக்கு 'ஸ்ரீபுரம்' என்னும் புனைபெயரையே வழங்கினார். எழுதியதை அம்மக்களிடமே படித்துக் காட்டுக. 'இது சரியன்று' என்று அவர்கள் சொன்னால் அதனையும் எழுதுக.

மேற்கூறிய மாணவர் தம் கட்டுரையை அக்குடும்பத்தின் திண்ணையில் அமர்ந்து படித்துக் காட்டினார். கேட்டுக்கொண்டிருந்த அம்மையார் ஓரிடத்தில் நிறுத்தி, முன்பணத் தொகையைத் திருத்தினார். சபையில் எவரும் அதுவரை அவரிடம் எதையும் கேட்டதில்லை.