கூந்தலை விற்று டாலர் சேர்த்த நாடு!

நாட்டை வளர்ப்பது உள்ளூர்ச் சந்தையா? வெளிநாட்டுச் சந்தையா?

ஒரு நாடு செல்வம் சேர்க்க இரண்டு வழிகள் சொல்கிறார்கள். ஒன்று, சரக்கைச் செய்து வெளிநாட்டுக்கு விற்பது. மற்றொன்று, சொந்த நாட்டு மக்களுக்கே விற்பது.

எது நல்ல வழி? தென்கொரியாவின் கதையைப் பாருங்கள்.

1950 முதல் 1953 வரை நடந்த போரில் அந்த நாடு பாழாகிவிட்டது. மக்கள் கையில் காசு இல்லை. உள்ளூரில் சரக்கு செய்தாலும் வாங்க ஆள் குறைவு. ஆகவே 1960-களில் வெளிநாட்டுக்கு விற்பது என்று அரசாங்கம் முடிவு செய்தது.

விற்க என்ன இருந்தது? பெண்களின் கூந்தல் இருந்தது! வியாபாரிகள் ஊர் ஊராகப் போய்க் கூந்தலை விலைக்கு வாங்கினார்கள். இளம் பெண்கள் தொழிற்சாலைகளில் அதை டோப்பாவாகச் செய்தார்கள். அமெரிக்கப் பெண்கள் அதை வாங்கி அணிந்தார்கள்.

100 மடங்கு!

1964-ல் தென்கொரியாவின் ஏற்றுமதி 10 கோடி டாலர். 1977-ல் அது 1,000 கோடி டாலர். 13 ஆண்டுகளில் 100 மடங்கு!

டாலர் வந்தது. டாலரைக் கொடுத்து எந்திரம் வாங்கினார்கள். பிறகு கப்பலும் காரும் செய்தார்கள். 1987-க்குப் பிறகு கூலி வேகமாக உயர்ந்தது. தொழிலாளர்கள் தாங்களே கார் வாங்கத் தொடங்கினார்கள்.

அடகு போன தங்கம்

சுதந்திர இந்தியா வேறு வழியில் போனது. "நமக்கு வேண்டியதை நாமே செய்துகொள்வோம்" என்பது கொள்கை. உருக்கு ஆலைகள் எழுந்தன. ஆனால் பெட்ரோலுக்கு டாலர் வேண்டுமே!

1990-ல் ஈராக், குவைத் மீது படையெடுத்தது. எண்ணெய் விலை ஏறியது. 1991-ல் இந்தியாவின் டாலர் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதுமானதாக இருந்தது. குடும்பத்தில் பணமுடை வந்தால் நகையை அடகு வைப்போம் அல்லவா? அதேபோல சுமார் 47 டன் தங்கம் லண்டனுக்குப் போனது.

வாங்குபவர் கையை விரித்தால்?

அப்படியானால் ஏற்றுமதி ஒன்றே போதுமா? போதாது.

2008-ல் அமெரிக்காவில் பெரிய வங்கிகள் ஆட்டம் கண்டன. அங்கே மக்கள் சரக்கு வாங்குவதைக் குறைத்தார்கள். ஏற்றுமதியை நம்பிய மலேசியா, தாய்லாந்து நாடுகளின் பொருளாதாரம் 2009-ல் சுருங்கியது. இந்தியா வளர்ந்தது. நம் சரக்கில் பெரும்பகுதியை நம் மக்களே வாங்கியது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

2025 ஆகஸ்டு மாதம், இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீது அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. அமெரிக்காவுக்குப் பனியன் அனுப்பிய திருப்பூர் தடுமாறியது.

ஆக, ஏற்றுமதி டாலர் தரும். உள்ளூர்ச் சந்தை, புயல் அடிக்கும்போது தாங்கி நிற்கும். நாட்டுக்கு இரண்டும் வேண்டும்.

உள்ளூர்ச் சந்தை தானாக வளராது. சட்டை தைப்பவரின் கையில், சட்டை வாங்கவும் காசு இருக்கவேண்டும்!