ஓடுகிற மிஷின் எல்லாம் நல்ல மிஷினா?

மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களில் கட்டட வேலை ஓயாமல் நடக்கிறது. தரைக்குக் கல் பதிக்கிறார்கள். கல்லை அறுக்கக் கையில் பிடிக்கும் கட்டர் மிஷின் உண்டு. அறுக்கும்போது தூசி பறக்கும். பிளேடு சூடாகும். அதனால் தண்ணீர் விட்டு அறுப்பார்கள். கையில் மிஷின். காலடியில் தண்ணீர். ஒயரில் 230 வோல்ட் கரண்ட்.

"அண்ணே, பிடித்தால் லேசாகச் சுர்ரென்கிறது" என்பார் வேலையாள். "செருப்பைப் போட்டுக்கொள். மிஷின் ஓடுகிறதல்லவா?" என்பார் மேஸ்திரி.

மிஷின் ஓடும். ஆபத்தே அதுதான். மூன்று ஒயர் உள்ள மிஷினில் இரண்டு ஒயர்தான் அதை ஓட்டுகின்றன. மூன்றாவது பச்சை ஒயர். அதுதான் எர்த். அது ஆளைக் காப்பதற்கு. மிஷினின் இரும்பு உடம்பில் கரண்ட் ஏறினால், எர்த் வழியாகப் பூமிக்குப் போகும். ஃப்யூஸும் போய்விடும். எர்த் ஒயர் அறுந்திருந்தால்? மிஷின் எப்போதும் போல ஓடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் கரண்ட் பூமிக்குப் போக, பிடித்திருப்பவரின் உடம்புதான் வழி.

பல இடங்களில் பிளக்கே இருப்பதில்லை. ஒயரைச் சீவி, தீக்குச்சி வைத்துச் சொருகுகிறார்கள். அங்கே எர்த்துக்கு ஏது இடம்? ஒரு பிளக் வாங்கவா கணக்குப் பார்ப்பது?

சில மிஷின்களில் இரண்டு ஒயர்தான் இருக்கும். மிஷின்மேல் கட்டத்துக்குள் கட்டம் போட்டிருக்கும். அதற்கு எர்த் தேவையில்லை. ஆனால் அதன் உள்ளே தண்ணீர் போகக் கூடாது.

எல்லாப் பொருளையும் தினமும் சோதிக்க வேண்டியதில்லை. மேலே சுற்றும் ஃபேனை யாரும் இழுப்பதில்லை, நனைப்பதில்லை. கட்டரும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் அப்படி இல்லை. தினமும் இழுபடும், மிதிபடும். அவற்றைத் தினமும் பார்க்க வேண்டும். முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிறகு ஒயரைக் கடைசி வரை பார்க்க வேண்டும். வெட்டு உண்டா? டேப் சுற்றிய இடம் தண்ணீரில் கிடக்கிறதா? பிளக் கருகியிருக்கிறதா? நீளமான, தடித்த எர்த் பின் இருக்கிறதா? இதற்கு இரண்டு நிமிடம் போதும். உள்ளே எர்த் அறுந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதை எலக்ட்ரீஷியன்தான் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். மிஷின் கீழே விழுந்தாலும், நனைந்தாலும், 'சுர்' என்றாலும் உடனே அவரிடம் காட்ட வேண்டும்.

கரண்ட் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பது நல்லது. போகிற கரண்ட் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது பார்க்கும். குறைந்தால் ஒரு நொடிக்குள் நிறுத்திவிடும். அதில் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்த வேண்டும். கரண்ட் நிற்காவிட்டால் ஆர்.சி.சி.பி.யை மாற்ற வேண்டும்.

பழுதான மிஷினை மூலையில் போட்டால் போதாது. அவசரத்தில் வேறு யாராவது எடுத்துவிடுவார். 'எடுக்காதே' என்று எழுதிக் கட்ட வேண்டும். பீகார், ஒடிசா ஆட்களும் அங்கே வேலை செய்வார்கள். அவர்களுக்கும் புரிய ஒரு சிவப்புத் துணியையும் சேர்த்துக் கட்டலாம்.